நாணனின் உள்ளக்கிடக்கை: கண்ணப்ப நாயனார் புராணத்தில் ஒரு துணைமாந்தரின் கூற்றுகள்

1. முன்னுரை

திருப்பதிக்குக் கிழக்கே, இன்று சுவர்ணமுகி என வழங்கும் பொன்முகலி ஆற்றின் கரையில் திருக்காளத்தி அமைந்துள்ளது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022இல் உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இப்போது உள்ளது. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் இவ்வட்டாரத்திற்கு உரிய கண்ணப்பர் வரலாற்றைத் தமிழில் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரும், தெலுங்கில் 16ஆம் நூற்றாண்டில் தூர்ஜடியும் பாடியுள்ளனர். இக்கட்டுரை சேக்கிழாரின் பனுவலை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

பெரியபுராணத்தின் இப்பகுதியை ஆராய்வோர் பொதுவாகத் திண்ணனாரின் அன்பையும் சிவகோசரியாரின் ஆகம நெறியையும் எதிரெதிரே நிறுத்துவர். திண்ணனாரை மலைக்கு அழைத்துச் சென்ற நாணன் இவ்விருவர்க்கும் இடையே மறைந்துவிடுகிறான். கதைக்கு வேண்டிய செய்தியைச் சொன்னதும் ஒதுங்கிவிடும் இத்தகைய துணைமாந்தர் காப்பியத்திலும் கூத்திலும் உண்டு. இன்றைய கணினி விளையாட்டுகளிலும் வழிசொல்லி நிற்பதற்கென்றே படைக்கப்பட்ட மாந்தர் உண்டு. அவர்களுக்கெனத் தனி நோக்கம் இல்லை என்று நாம் கொள்கிறோம். நாணனைப் பொறுத்தவரை அக்கொள்கை பொருந்தாது என்பதை அவனுடைய கூற்றுகளின் இலக்கணக் கூறுகளைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வழிசொன்னவன் அறிந்திருந்தது

கன்னி வேட்டையில் வலையை அறுத்தோடிய பன்றியைத் திண்ணனார் துரத்த, நாணனும் காடனும் மட்டுமே உடன் ஓடுகின்றனர். பன்றி வீழ்ந்தபின் தண்ணீர் எங்குள்ளது எனத் திண்ணனார் வினவ, ஆற்றைச் சுட்டுபவன் நாணன். மலைக்குப் போவோம் என்று சொல்பவரோ திண்ணனாரே. அங்குக் குடுமித்தேவர் இருப்பதையும் அவரைக் கும்பிடலாம் என்பதையும் நாணன் விடையாகக் கூறுகிறான்.

‘கும்பிடலாம்’ என்னும் வினைமுற்று இருபொருள் படுவது. ‘கும்பிட இயலும்’ என்னும் இயலுமைப் பொருளும், ‘நாம் கும்பிடுவோம்’ என்னும் அழைப்புப் பொருளும் அதில் அடங்கும். இவ்விரண்டிற்கும் தெலுங்கில் தனித்தனி வடிவங்கள் உள்ளன: முன்னதற்கு ‘மொக்கவச்சு’, பின்னதற்கு ‘மொக்குதாம்’. எனவே தெலுங்கில் பெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பின்னதைக் கொண்டால் நாணன் அடியவனாகிவிடுவான். முன்னதைக் கொண்டால் இடமறிந்து செய்தி சொல்பவனாக நிற்பான்.

எது பொருந்தும் என்பதை அவனது அடுத்த கூற்று தெளிவாக்குகிறது. தேவர்மீது நீரும் இலையும் பூவும் இட்டவர் யார் எனத் திண்ணனார் கேட்கிறார். முன்பு திண்ணனாரின் தந்தையோடு வேட்டைக்கு வந்தபோது ஒரு பார்ப்பான் அவ்வாறு செய்ததைக் கண்டதாக நாணன் கூறுகிறான். தான் கண்டதை ‘செய்தான்’ எனத் தெரிநிலை வினையால் முடிப்பவன், இன்றைய செயலை ‘ஆகும்’ என்னும் வினையால் உய்த்துணர்வாக மட்டுமே சொல்கிறான். தெலுங்கில் இது ‘சேசாடு’, ‘சேசி உண்டாடு’ என வேறுபடும். கண்டதையும் கருதியதையும் பிரித்துச் சொல்லும் இக்கவனம் நாணனின் இயல்பைக் காட்டுவது.

இக்கூற்றில் இன்னொரு செய்தியும் உள்ளுறையாக உள்ளது. நாகனும் நாணனும் இதே தேவரைக் கண்டவர்கள். கண்டபின் ஊர் திரும்பியவர்கள். ஆகவே ‘கும்பிடலாம்’ என்றபோது, கும்பிட்டு மீளலாம் என்பதே நாணன் தன் பட்டறிவால் அறிந்திருந்த பொருள் எனல் பொருந்தும்.

3. மூன்று சொற்கள்

மலையிலிருந்து இறங்கியதும் காலத்தாழ்ச்சிக்குக் காரணம் கேட்ட காடனிடம் நாணன் நடந்ததை உரைக்கிறான். பொந்தைப் பற்றிய உடும்புபோலத் திண்ணனார் தேவரை விடவில்லை, குலத் தலைமையை விட்டார் என்று கூறி, ‘நலப்பட்டான்’ என முடிக்கிறான். இதனைக் கோள் எனவோ எள்ளல் எனவோ படிப்பது எளிது. ஆயின் ‘கெட்டான்’ என்றோ ‘மயங்கினான்’ என்றோ சொல்லியிருக்கக்கூடிய இடத்தில் நலம் என்னும் அடியிலிருந்து பிறந்த வினையை அவன் ஆள்கிறான். இழப்பை மறைக்காமல் சொல்லும் அவன், இழந்ததற்குக் காரணமானதைப் பழிக்கவில்லை.

பித்து என்னும் பொருள்படும் ‘மால்’ என்ற சொல் அடுத்தே வருகிறது. அது காடனின் கூற்றாகக் கொள்ளப்படுவது. திண்ணனாரின் முகத்துக்கு நேரே சொல்லப்படுவது. பின்னர்த் திண்ணனார் இறைச்சியை மென்று சுவைபார்த்து உமிழ்வதைக் கண்டபோது இருவரும் சேர்ந்து கருதுவது ‘தேவுமால்’ என்பதாகும். நாணன் சொன்ன தேவரும் காடன் சொன்ன மாலும் இத்தொடரில் இணைந்துவிடுகின்றன. எனவே பித்து என்ற தீர்ப்பை நாணனின் தொடக்க நிலைப்பாடாகக் கொள்வதற்குப் பனுவலில் சான்றில்லை.

4. நம், எங்கள்

மாற்றுப்பெயர்களும் இதனை வலியுறுத்துகின்றன. நாணன் ‘நம்’ குலம் என்கிறான். காடன் ‘எங்கள்’ தலைவன் அல்லையோ என்னும் பொருள்படக் கேட்கிறான். கேட்போரை உளப்படுத்தும் பன்மையும் உளப்படுத்தாப் பன்மையும் தெலுங்கில் ‘மன’, ‘மா’ என நிற்கும். நாணன் பேசுவது காடனிடம் ஆகையால் ‘நம்’ என்பது இயல்பே. ஆயினும் திண்ணனாரை அருகில் வைத்துக்கொண்டே ‘இவன்’ எனச் சுட்டி அச்சொல்லை ஆள்வதால், அவரை அவன் குலத்திலிருந்து நீக்கிவிடவில்லை எனலாம். காடனின் ‘எங்கள்’ திண்ணனாரை எதிரே நிறுத்துகிறது. இவ்வேறுபாடற்ற ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். தோழர் இருவரும் ஒரே குரலினர் ஆகிவிடுவர்.

5. ஒரு தடையும் விடையும்

திண்ணனாரின் முற்பிறவித் தவமே அவரை மலைக்கு ஈர்த்தது என்பது சேக்கிழாரின் கருத்து. அவ்வாறாயின் நாணன் வெறுங் கருவியே எனலாமோ எனின், கதையின் நோக்கில் அவன் கருவியே; கூற்றின் நோக்கில் அவன் தனி மாந்தன். அவனும் காடனும் திண்ணனாரை விட்டுச் சென்றது தண்டிப்பதற்காக அன்று, தீர்ப்பதற்காக. தேவராட்டியையும் நாகனையும் கொணரவேண்டும் என்பதே அவர்களின் எண்ணம். வேடர் சமூகம் அறிந்த மருத்துவம் அது. தான் காட்டிய இடத்தில் தோழனுக்கு நேர்ந்ததைத் தான் அறிந்த வழியில் சரிசெய்ய முயன்ற பொறுப்புணர்ச்சியை இதில் காண்கிறோம். அம்முயற்சி பயனளிக்கவில்லை. சிவகோசரியாருக்குக் கனவில் விளக்கம் கிடைக்கிறது. நாணனுக்கு எவ்விளக்கமும் கிடைக்கவில்லை. கண்ணை இடந்து அப்பியபோது அவன் அங்கில்லை.

6. முடிவுரை

நாணனின் கூற்றுகள் மிகச் சிலவே. அவற்றில் ஒரு துணைவினையும் ஒரு மாற்றுப்பெயரும் ஒரு வினையடியும் அவனை அடியவனாகவோ கோள்சொல்லியாகவோ கொள்ள இடந்தராதவை. தலைமை மாந்தரின் பாடல்களில் காட்டும் கவனத்தை மொழிபெயர்ப்பாளர் இத்தகைய சிறு கூற்றுகளிலும் செலுத்துதல் வேண்டும். மூலத்தில் இருபொருள்படும் ஒரு விகுதி பெயர்ப்பில் ஒருபொருளாகச் சுருங்கும்போது, துணைமாந்தர் ஒருவரின் உள்ளம் முழுவதும் மாறிவிடக்கூடும். தமிழிலிருந்து தெலுங்கிற்கு இப்புராணத்தைக் கொண்டுசெல்வோர்க்கு ‘சேசி உண்டாடு’, ‘மன’, ‘மா’ ஆகிய வடிவங்கள் ஆயத்தமாக உள்ளன. அவற்றைப் பயன்படுத்தினால் நாணனின் குரல் காடனின் குரலோடு கலவாது கேட்கும்.