தலைமாட்டில் ஒரு கெட்டில்

மட்டாஞ்சேரியிலோ அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியிலோ அறை எடுத்துத் தங்கினால், கட்டிலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு தட்டைப் பார்க்கலாம். மின்சாரக் கெட்டில், இரண்டு கோப்பை, டீ பேக், சர்க்கரைப் பொட்டலம், பால்பவுடர். விடியும் முன்பே சாயாக்கடை திறந்துவிடும் ஊரில் இந்தத் தட்டுக்கு என்ன வேலை? வசதி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அது தரும் டீ எப்படி, அது யாருடைய உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்று இரண்டையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால்தான் அதன் தகுதி விளங்கும்.

இந்தக் கெட்டிலுக்கு பிரிட்டனில் மூதாதைகள் உண்டு. 1902இல் பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிலர் ஃப்ராங்க் கிளார்க் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். குறித்த நேரத்தில் கடிகாரம் ஒரு தீக்குச்சியை உரசும். ஸ்பிரிட் அடுப்பு பற்றிக்கொள்ளும். நீர் கொதித்ததும் கெட்டில் தானே சாய்ந்து ஊற்றும். தூங்குகிறவரின் தலைமாட்டில் திறந்த தீ! அந்த ஆபத்தை நீக்கியது 1930களில் வந்த மின்சாரக் கருவி. பிரென்னர் தார்ன்டன் வடிவமைத்து, கோப்ளின் நிறுவனம் ‘டீஸ்மேட்’ என்ற பெயரில் விற்றது. மூடிய பாத்திரத்தில் நீர் கொதிக்கும்போது, நீராவியின் அழுத்தம் அதைக் குழாய் வழியாகப் பக்கத்திலுள்ள சாடிக்குத் தள்ளும். பாத்திரத்தின் எடை குறைந்ததும் விசை விடுபட்டு மின்சாரம் நிற்கும், மணி அடிக்கும். கொதித்தால்தான் நீர் நகரும், நகர்ந்தால்தான் மணி அடிக்கும். எளிய பௌதிகத்தை இவ்வளவு சுத்தமாக வேலை வாங்கிய வீட்டுக் கருவிகள் குறைவு.

ஆங்கிலேயரின் டீக்கு இது பொருந்துமா? அவர்கள் இலைமேல் கொதிநீரை ஊற்றி, ஊறவிட்டு, காய்ச்சாத குளிர்ந்த பாலைச் சேர்க்கிறார்கள். 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய பதினொரு விதிகளில் ஒன்று, நீர் இலையைத் தொடும் கணத்திலும் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது. டீஸ்மேட் அதற்கு மிக அருகில் வருகிறது. சாடியை முன்கூட்டியே சூடாக்க வேண்டும் என்ற இன்னொரு விதியில் தோற்கிறது. இரவே வெளியில் எடுத்துவைத்த பால் குறைதான். ஆனால் கணப்பு அணைந்த ஆங்கிலப் படுக்கையறையின் குளிரில் அது விடியும்வரை தாங்கும். பிறந்த ஊரில் அது தேறிய கருவி.

கொச்சியிலோ ஜனவரி இரவில்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வெளியில் வைத்த பால் காலைவரை நிற்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் பொட்டலம் வந்தது. சிலவற்றில் பால்பவுடர், சிலவற்றில் பாலே இல்லாத கொழுப்புத்தூள். தட்டின் தோல்வி இங்கே தொடங்குகிறது. டீயைச் சுவைத்துச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 3103 என்றொரு சர்வதேச நெறி இருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம். அது வீட்டுச் செய்முறை இல்லைதான். ஆனாலும் அளவுகோலாக உதவும். ஒரு டீ பேக்கில் ஏறத்தாழ 2 கிராம் இருக்கிறது. அறைக் கோப்பை 200 மில்லி பிடித்தால், இறங்குவது அதில் பாதிச் சாறு. அதன்மேல் பவுடரைக் கொட்டினால் டீயும் தெரியாது, பாலும் தெரியாது.

சாயாக்கடையின் முறையே வேறு. நடுவில் கரி எரியும் சமோவரில் நீர் நாள் முழுக்கக் கொதிக்கும். பழைய கடைகளில் அதற்குள் ஒரு காசு போட்டு வைப்பார்கள். கொதிக்கும்போது அது கிலுகிலுக்கும். பெரிய துணிப் பையில் டஸ்ட் டீ. கெட்டிச் சாறு, காய்ச்சிய பால், பிறகு உயரத் தூக்கி ஆற்றல். டஸ்ட்டின் கடுப்பை அடக்குவது காய்ச்சிய பாலின் கனம். அந்தக் கனத்தைப் பொட்டலத்தால் தர முடியாது. சுவையைப் பொறுத்தவரை தட்டு தோற்றுவிட்டது.

உழைப்பு என்று பார்த்தால் தராசு திரும்புகிறது. வெள்ளைக்காரர் பங்களாக்களில் ‘சோட்டா ஹாஸ்ரி’ என்ற விடியல் டீ தானாக வந்ததில்லை. துரை கண் விழிக்கும் முன் ஒரு பட்லர் எழுந்திருந்தார். இன்று விடுதியில் ஆறு மணிக்குப் பெட் காபி கேட்டால், ரூம் பாய் ஐந்துக்கே எழ வேண்டும். கெட்டில் அவரைத் தூங்கவிடுகிறது. உபசரிப்பு போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் கெட்டில் விடுவித்தது கடைசிக் கையை மட்டும்தான். மட்டாஞ்சேரியிலிருந்து நீருக்கு அப்பால் தெரியும் வில்லிங்டன் தீவு கொச்சித் தேயிலை ஏலத்தின் இடம். அந்த ஏலத்துக்கு 1947 முதல் வரலாறு உண்டு. மலையில் இலை பறிப்பவர்களுக்கோ விடியல் அப்படியே இருக்கிறது. மூணாறு தோட்டங்களில் அவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டம்பரில், 20 சதவீத போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு ‘பெண்கள் ஒருமை’யாகச் சாலையில் உட்கார்ந்தவர்கள் இவர்கள். யாரையும் எழுப்பாத டீ என்று தட்டு பெருமைப்பட இடமில்லை.

சாயாக்கடைக்காரரும் இருட்டில்தானே எழுகிறார் என்று கேட்கலாம். எழுகிறார், ஆனால் தன் கடைக்காக, பஜார் ரோட்டில் மூட்டை இறக்க வருகிறவர்களுக்காக. நான் ஒருவன் போய் நிற்பதால் அவர் தூக்கத்தில் ஒரு நிமிடமும் குறைவதில்லை. படியிறங்க முடியாத முதியவர், கைக்குழந்தையோடு தங்கும் தாய், இருட்டில் தனியே தெருவுக்குப் போகத் தயங்கும் பெண் ஆகியோருக்கு அந்தக் கடை தொலைவுதான். இவர்களுக்காகவே கெட்டில் இருக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: கெட்டில் இருக்கட்டும், டீ பேக்கும் பொட்டலமும் போகட்டும். கொதிநீரும் இலையும் மட்டும் கேட்கும் டீ கேரளத்தில் எப்போதிருந்தோ இருக்கிறது: கட்டன் சாயா. எலுமிச்சை சேர்த்த சுலைமானிக்கும் பால் வேண்டாம். விடுதிக்காரர்கள் ஒரு சிறு டப்பாவில் மூணாறு இலை, ஒரு எவர்சில்வர் வடிகட்டி, சர்க்கரை, இரண்டு ஏலக்காய், அரை மூடி எலுமிச்சை வைத்தால் போதும். அந்தக் கருவி எதற்குத் தகுதியோ அதைச் செவ்வையாகச் செய்யும். பால் சாயா வேண்டும் என்பவருக்குச் சாயாக்கடை எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒரு சீட்டில் எழுதித் தட்டிலேயே வைக்கலாம்.