கையெழுத்து யாருடையது?

எங்கள் அம்மாச்சி சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் முப்பது வருடம் சரவெடி பின்னியவர். சீட்டுப் போட்டு இரண்டு பெண்களைப் படிக்கவைத்தவர். எழுபத்தாறு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முழு நினைவோடுதான் இருந்தார். ஆனாலும் ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட, திருப்பூரிலிருந்து மாமா வரும்வரை இரண்டு நாள் காத்திருந்தார்கள். “முதுகுல ஊசியா, முழு மயக்கமா?” என்ற கேள்வியும் மாமாவிடம்தான் போனது. “எது உசுருக்கு நல்லதோ அதையே செய்ங்க டாக்டர்” என்றார் அவர்.

எது உயிருக்கு நல்லது? விடை தேடித்தான் ‘ரீகெய்ன்’ ஆய்வைப் படித்தேன். 2021இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகள். இடுப்பெலும்பு முறிந்த, 50 வயதுக்குக் குறையாத 1600 பேர். மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். 60 நாளுக்குள் இறந்தவர்கள் முதுகு ஊசியில் 3.9 சதவீதம், முழு மயக்கத்தில் 4.1 சதவீதம். பத்தடி நடக்க முடியாமல் போனவர்களையும் சேர்த்தால் 18.5, 18.0. மறு ஆண்டு வெளிவந்த சீன ஆய்வு, ஆபரேஷனுக்குப் பின் வரும் மனக்குழப்பத்தை 65 வயது தாண்டியவர்களிடம் பார்த்தது. அங்கும் பெரிய வேறுபாடு இல்லை.

‘எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான், டாக்டரே முடிவு செய்யட்டும்’ என்று இதை வாசிப்பது எளிது. நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். இரண்டும் சமம் என்றால், மிஞ்சுவது நோயாளியின் விருப்பம் மட்டுமே. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு முதுகு ஊசி ஆகாமல் போகலாம். அதை டாக்டர் சொல்லட்டும். அப்படித் தடை இல்லாதபோது அம்மாச்சியின் பயத்துக்குத்தான் முதலிடம். சிசேரியனுக்குப் போட்ட ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி என்று எங்கள் ஊர்ப் பெண்கள் நம்புகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கலாம். தூங்கினால் எழுந்திருக்கமாட்டோமோ என்பதுதான் அவருடைய பயமாக இருந்திருந்தால், அதையும் கேட்டிருக்கலாம்.

உயிர் என்று பேசினால், அந்த இரண்டு நாள் காத்திருப்பைத்தான் பேச வேண்டும். சேர்ந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் நடக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதல். படுத்தே கிடந்தால் நெஞ்சுச்சளி, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு எல்லாம் சேரும். மகனின் கையெழுத்துக்காகக் காத்திருக்கச் சட்டமும் சொல்லவில்லை. சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவர் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவுள்ள வயதுவந்த பெண்ணுக்காகச் சம்மதிக்கப் பெற்ற தாய்க்கே உரிமை இல்லை. மகனுக்கு ஏது?

பத்தடி என்ற அளவுகோலோடும் எனக்குச் சண்டை உண்டு. பத்தடி நடந்தால் கட்டிலிலிருந்து வாசல்வரை போகலாம். குழாயடிக்குப் போக முடியாது. குத்தவைக்கும் கக்கூஸில் உட்கார முடியாது. தூக்கிவிட, வேலையை விட்டு நின்ற அத்தையின் கூலி எந்தக் கணக்கிலும் வராது.

இரண்டு மாதம் கழித்து வாக்கரைப் பிடித்து அம்மாச்சி வாசலுக்கு வந்தார். ஆய்வின் கணக்கில் அவர் தேறியவர். திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்டார்: “ஏம்மா, எனக்கு என்ன ஊசிதான் போட்டாக? இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லலியே.”