கல் சூப்பும் கிணற்றுப் பாலும்

பகிர்தலைக் கற்பிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் விரும்பி எடுக்கும் ஐரோப்பிய நாட்டுப்புறக் கதை ‘கல் சூப்பு’. 1947இல் மார்சியா பிரவுன் படநூலாக்கிய வடிவத்தில், பசித்த படைவீரர் மூவர் வருவதறிந்த உழவர்கள் பார்லி மூட்டைகளை வைக்கோலுக்கடியில் மறைக்கின்றனர். பால் வாளிகளைக் கிணற்றில் இறக்குகின்றனர். வீரர்கள் கல்லைக் கொதிக்கவைத்து ஆசை மூட்ட, ஒளித்ததெல்லாம் வெளிவருகிறது.

வகுப்பறையில் இவ்வூரார் வெறும் கருமிகளாகிவிடுகின்றனர். இது அநீதி. போர்க்காலத்தில் படைவீரர் உண்டு தீர்த்த வீட்டில் உழவன் பிள்ளை எதை உண்ணும்? யாருக்கு அஞ்சி ஒளித்தனர் என்றல்லவா ஆசிரியர் முதலில் வினவவேண்டும்!

2003இல் கதையைச் சீனத்திற்குக் கொண்டுசென்ற ஜான் முத் இவ்வச்சத்தை மதித்தார். பஞ்சமும் வெள்ளமும் போரும் கண்டு இறுகிய ஊர் அது. வீரருக்குப் பதில் துறவியர் மூவர் (அதற்காக நான் பரிந்துரைக்கவில்லை!). பூட்டிய கதவுகளுக்கிடையே அவர்களை முதலில் நெருங்குபவள் ஒரு சிறுமி. பெரிய பானையைத் தன் வீட்டிலிருந்து கொணர்பவளும் அவளே.