எண்ணப்படாத பணி: யூஜீன் நகரின் நெருக்கடிச் சேவை பற்றிய ஒரு நோக்கு

போதைக்கு ஆட்பட்டோரும் உளநோயாளரும் வீதியில் நெருக்கடிக்குள்ளாகும்போது அவர்களிடம் யாரை அனுப்புவது என்ற வினா, 2020 மே மாதத்தில் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் பொலிஸாராற் கொல்லப்பட்டதன் பின்னர் ஐக்கிய அமெரிக்காவிற் கூர்மையடைந்தது. அவ்வேளை முற்போக்காளர் பலரும் சுட்டிக்காட்டிய முன்மாதிரி ஒறிகன் மாநிலத்து யூஜீன் நகரின் 'கஹூட்ஸ்' சேவையாகும். 2025 ஏப்ரலில் அந்நகரில் அச்சேவை நின்றுபோயிற்று. நிதி நெருக்கடியே காரணம் என்பர். அது உண்மையே, ஆயின் முழு உண்மையன்று.

1960களின் எதிர்ப்பண்பாட்டு இயக்கத்தின் வழிவந்த 'வைற் பேர்ட்' சிகிச்சை நிலையம் 1989 இல் இச்சேவையைத் தொடங்கியது. ஒரு வான், அதில் தாதியோ அவசர மருத்துவ உதவியாளரோ ஒருவர், நெருக்கடிப் பணியாளர் ஒருவர். ஆயுதமில்லை, கைதுசெய்யும் அதிகாரமுமில்லை. நடைபாதையில் வெறியிற் கிடப்பவரைப் பாதுகாப்பான இடத்திற்கு ஏற்றிச் செல்வர்; புண்ணுக்கு மருந்திடுவர்; தற்கொலை எண்ணங் கொண்டவருடன் உரையாடுவர். அழைப்புகளோ பொலிஸாருக்கும் பொதுவான தொடர்பு நிலையத்தினூடாகவே வந்தன. நகரம் வழங்கிய பணமும் பொலிஸ் திணைக்களத்தின் வழியே வந்தது. கள்ளக்கூட்டு எனப் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லைப் பெயராகச் சூடிக்கொண்டமை இவ்வுறவைக் குறித்த பகிடியே. பகிடி பின்னாளில் வினையாயிற்று.

2019 இல் ஏறத்தாழ 24,000 அழைப்புகளுக்கு இக்குழுவினர் சென்றனர். பொலிஸாரின் துணையை வேண்டியவை 311 மட்டுமே. நகரின் அழைப்புகளில் 17 வீதத்தைப் பொலிஸாரிடமிருந்து இச்சேவை விலக்கியது என ஆதரவாளர் கூறினர். பொலிஸ் திணைக்களத்தின் ஆய்வோ 5 முதல் 8 வீதம் வரையே என்றது. எஞ்சியவை பொலிஸார் வழமையாகச் செல்லாத அழைப்புகள் என்பது அதன் வாதம்.

இவ்விவாதத்தில் எவர் எண் சரியானது என்பதிலும் பார்க்க, இரு தரப்பினரும் ஒரே அளவுகோலைக் கையிற்கொண்டிருந்தனர் என்பதே நமது கவனத்திற்குரியது. பொலிஸாருக்கு எவ்வளவு வேலை மிஞ்சியது, எத்தனை டொலர் சேமிக்கப்பட்டது என்பதே அவ்வளவுகோல். பொலிஸார் ஒருபோதும் சென்றிராத இடங்களுக்கு இவர்கள் சென்றார்களெனில் அது சேவையின் குறையா? அதுவன்றோ அதன் சிறப்பு! தம் வாதத்தின் வலிமையையே ஆதரவாளர் எதிர்த்தரப்பினரிடம் ஒப்படைத்துவிட்டனர். தொலைவிலிருந்து புகழ்ந்த முற்போக்கு எழுத்தாளரும் இத்தவறுக்கு விலக்கல்லர்: அவர்கள் வானிற் பொலிஸார் இல்லாமையைக் கண்டனர், அதில் இருந்தவர்களைக் கண்டாரில்லை.

2021 இல் மத்திய அரசு, நடமாடும் நெருக்கடிச் சேவைகளுக்கு 'மெடிக்கெய்ட்' ஊடாகக் கூடுதல் பங்கை, அதாவது செலவில் 85 வீதத்தை, குறிப்பிட்ட காலத்திற்கு ஏற்க முன்வந்தது. நற்செயலே. ஆனால் அங்கும் 'நெருக்கடி' என்று பெயரிடத்தக்கதற்கே பணம். மழையில் நனைந்து கால் மரத்துப்போனவனுக்கு உலர்ந்த காலுறை கொடுத்து, அவன் குடித்தானா என்று கேளாது அரைமணி நேரம் அருகிருந்த பணியை எந்தக் கணக்கிற் பதிவது?