அடைக்கலமும் அழிவும்: 91 ஆம் சங்கீதம் பற்றிய ஒரு நோக்கு

இறைசித்தத்தின்படி ஒழுகுவோரைத் தீங்கு அணுகாது என்பது கிறித்தவ மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கைகளுள் ஒன்று. இதற்கு ஆதாரமாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுவது விவிலியத்தின் 91 ஆம் சங்கீதமாகும். போரும் கொள்ளைநோயும் தீண்டாத அடைக்கலத்தை அது பாடுகின்றது. துன்புறுவோர்க்கு அது தரும் ஆறுதலை எவரும் மறுத்தற்கில்லை. ஆயின், ஆறுதல் மொழியை உத்தரவாதப் பத்திரமாகக் கொள்ளலாமா என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

கிழக்கிலங்கையில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை எழுந்தபோது இலங்கையில் மிகக்கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை தொடக்கம் திருக்கோவில் வரை, கோயிலுக்குச் செல்வோர், பள்ளிவாசலுக்குச் செல்வோர், தேவாலயத்துக்குச் செல்வோர் என்னும் வேறுபாட்டைக் கடல் அறிந்திலது. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் கொல்லப்பட்டனர். 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது மாண்டோருள் ஞாயிறு பாடசாலைச் சிறுவரும் பலர். இறைவழியை விட்டு விலகிய இடத்திலன்று, வழிபடச் சென்ற இடத்திலேயே அவர்கள் மாண்டனர்.

நம்பினோரைத் தீங்கு அணுகாதெனின், அச்சிறுவர் நம்பாதவரா? உயிர் தப்பியோனைக் கடவுள் காத்தார் எனப் போற்ற முற்படும் இக்கூற்று, தன்னையறியாமலே மாண்டோரைக் குற்றவாளிகளாக்குகின்றது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே. அந்நூலின் முடிவில் இறைவனின் சினத்துக்கு ஆளாவோர் அந்நண்பரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

சுவிசேஷங்களும் இவ்வுத்தரவாதத்தை ஏற்கவில்லை. மத்தேயுவும் லூக்காவும் எழுதிய சுவிசேஷங்களில், தூதர் தாங்குவர் என்னும் இச்சங்கீதப் பகுதியை எடுத்துரைப்பவன் சோதனைக்காரனாகிய சாத்தானே. ஆலய உச்சியிலிருந்து குதிக்குமாறு அவன் தூண்ட, இறைவனைப் பரீட்சித்தல் தகாது என இயேசு மறுக்கின்றார். லூக்காவின் 13 ஆம் அதிகாரம் இன்னும் தெளிவானது. பலி செலுத்துகையில் பிலாத்துவினாற் கொல்லப்பட்ட கலிலேயர், சீலோவாமில் கோபுரம் வீழ்ந்து மடிந்த 18 பேர் ஆகிய இரு சாராரும் ஏனையோரினும் பெரும்பாவிகளல்லர் என்கிறார் இயேசு. முன்னது மனிதர் இழைத்த கொடுமை. பின்னது எதிர்பாராது நேர்ந்த விபத்து. சீயோனையும் ஆழிப்பேரலையையும் அருகருகே வைத்து நோக்கும் நமக்கு இவ்விரண்டும் அந்நியமானவையல்ல. அங்கு மனந்திரும்புமாறு அழைக்கப்படுவோர் உயிரோடிருப்போரே. மாண்டோர் மீது தீர்ப்பு இல்லை.

உடல் அழியினும் ஆன்மா காக்கப்படும் என்பர் சிலர். நம்பிக்கை என்ற அளவில் அது முரணற்றது. எனினும் அது முதற்கூற்றினின்றும் வேறானது; தீங்கு நேர்ந்தபின் முதற்கூற்றைக் கைவிட்டு இதனைப் பற்றிக்கொள்ளுதல் நேர்மையான வாதமாகாது. மேலும், நிகழ்ந்தவையெல்லாம் இறைசித்தம் என்போர், மனிதரின் பொறுப்பை மறைத்துவிடுகின்றனர். முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தும் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமை அடிப்படை உரிமை மீறலென 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. மனிதர் தவறியதை இறைவன் தலையிற் சுமத்துதல் பக்தியாகாது.

அங்ஙனமாயின் எஞ்சுவது யாது? தானியேல் ஆகமத்தில் தீச்சூளை முன் நிற்கும் மூவரின் மறுமொழியே அது. இறைவன் காக்க வல்லவர். காவாதொழியினும் பொற்சிலையை வணங்கோம் என்பது அவர்தம் நிலைப்பாடு. பாதுகாப்பை விலையாகக் கேளாத நம்பிக்கை அது. 91 ஆம் சங்கீதத்தை அந்நம்பிக்கையோடு பாடுவோர், பிள்ளையை இழந்த தாயின் அருகிலமர்ந்தும் அதனைப் பாட வல்லவராவர்.