குறி சொல்பவரும் குறி கேட்பவரும்: கழங்கு, கிளிச் சீட்டு, டாரட்

கட்டுவிச்சி முறத்தில் பரப்பும் நெல்லும், வேலன் கையிலுள்ள கழங்கும், கிளி தன் அலகால் எடுத்துத் தரும் படச் சீட்டும் நம் இலக்கிய வகுப்புகளில் பெரும்பாலும் ‘மூடநம்பிக்கை’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் அதே வகுப்பில் பயின்ற மாணவர் சிலர் பின்னாளில் டாரட் சீட்டுகளை விரித்து வைத்துக் குறியீடு, உள்ளுணர்வு, ஆழ்மனம் எனப் பேசுவதையும் காண்கிறோம். முன்னதை இகழ்வோரும் பின்னதை வியப்போரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். குறியின் பொருள் சீட்டில் இருக்கிறது, அல்லது சீட்டைப் படிப்பவரிடம் இருக்கிறது என்பதே இரு சாராரின் எண்ணம். கேட்பவர் அப்பொருளை ஆக்குவதில் கொள்ளும் பங்கு கருதப்படுவதில்லை. அப்பங்கினை நுட்பமாகக் கண்டவர்கள் சங்கப் புலவர்கள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முதலில் டாரட் பற்றிச் சில சொல்ல வேண்டும். அது எகிப்தியரின் மறைஞானம் என்னும் கூற்று இன்றும் உலவுகிறது. உண்மையில் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்கெனத் தோன்றிய சீட்டுக்கட்டு அது. எகிப்தியத் தோற்றக் கதையை 1781-இல் பரப்பியவர் பிரான்சு நாட்டின் கூர் டி ஜெபெலன். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியே 1822-இல்தான் புலப்பட்டது என்பதை நினைத்தால் அக்கூற்றின் தகுதி விளங்கும். 78 சீட்டுகளில் 22 உருவகப் படங்கள்; எஞ்சிய 56 எண்ணும் அரச உருவங்களும் கொண்டவை. எண் சீட்டுகளில் பெரும்பாலும் வாள், கிண்ணம் முதலிய அடையாளங்களே முன்பு இடம்பெற்றன. 1909-இல் இலண்டனில் வெளிவந்த கட்டிற்கு ஓவியம் தீட்டிய பமிலா கோல்மன் சுமித், அவற்றுக்கும் மனிதர் இயங்கும் காட்சிகளை வரைந்தார். படகோட்டி ஒருவன், முகம் காட்டாமல் அமர்ந்திருக்கும் பெண், அருகில் குழந்தை, எதிர்க்கரை: இது வாள் ஆறு. உள்ளுணர்வால் படித்தல் இன்று இவ்வளவு எளிதாய் இருப்பதற்கு இவ்வோவியரின் உழைப்பு பெருங்காரணம். ஆயினும் நெடுங்காலம் அக்கட்டு வெளியீட்டாளர், தொகுப்பாளர் பெயர்களாலேயே வழங்கியது.

அந்தப் படகை ஜொகூரில் ஒருவரிடம் காட்டினால் என்ன நிகழும்? 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியே நாள்தோறும் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் செல்வோர் நிறைந்த மாநிலம் இது. ‘நீரைக் கடந்த ஒருவர் உங்கள் நினைவில் உள்ளார்’ என்றால் இங்குப் பொய்யாகும் வீடுகள் குறைவு. அமெரிக்க உளவியலாளர் போரர் 1948-இல் தம் மாணவர் 39 பேருக்கும் ஒரே குணநலக் குறிப்பை, அவரவர்க்கெனத் தனித்தனியே எழுதியதாகக் கூறிக் கொடுத்தார். அது தமக்குப் பொருந்துவதாக அவர்கள் அளித்த மதிப்பெண் சராசரியாக ஐந்துக்கு 4.26. ஏமாற்றின் இயல்பைக் காட்டவே இச்சோதனையை எடுத்துரைப்பது வழக்கம். எனினும் பொதுவான ஒரு சொல்லை ஒருவர் தம் வாழ்வைக் கொண்டு நிறைத்துக்கொள்ளும் ஆற்றலையும் அது காட்டுகிறது. போரர் எண்ணத்தக்கதை எண்ணினார். நிறைத்தது எது என்பதைக் கேட்கவில்லை.

இக்கட்டுரையாளர் சிறுவனாக இருந்தபோது குளுவாங் அருகே ஒரு தோட்டத்தில், சம்பள நாளன்று லயத்துக்குக் கிளிக்காரர் ஒருவர் வருவார். ஒருமுறை எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குக் கிளி எடுத்துத் தந்தது பழநியாண்டியின் படம். கோவணமும் தண்டுமாக நிற்கும் அப்படத்தைக் காட்டி, ‘கோபித்துப் போனது திரும்பும், அம்மா’ என்றார் கிளிக்காரர். போனது பொருளா, ஆளா என்று அவர் சொல்லவில்லை. பெரியம்மா அழத் தொடங்கினார். தகப்பனோடு சண்டையிட்டுச் சிங்கப்பூருக்குப் போன மூத்த மகனிடமிருந்து ஈராண்டாகக் கடிதம் இல்லை என்பதை லயத்துப் பெண்கள் அன்றுதான் அறிந்தனர். கனிக்காகக் கோபித்து வீட்டை நீங்கிய பிள்ளையின் கதையை அந்தப் படத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தாம்.

குறுந்தொகையின் 23-ஆம் பாட்டு இந்நிகழ்வை எனக்கு விளக்கியது. ஒளவையார் பாடிய அப்பாட்டு ஐந்தே அடிகளால் ஆனது. தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியத் தாயர் கட்டுவிச்சியை அழைத்துள்ளனர். சங்குமணி போல் நரைத்த கூந்தலையுடைய அம்முதியவள் வழக்கப்படி மலைகளைப் பாடுகிறாள். தோழி குறுக்கிட்டு, அவருடைய மலையைப் பாடிய பாட்டை மீண்டும் பாடுமாறு வேண்டுகிறாள். பாட்டு அவ்வளவே. ‘அவர்’ யார் என்ற வினா தாயர் மனத்தில் எழுவதற்கு வேறெதுவும் வேண்டுவதில்லை. கட்டுவிச்சி எதையும் கண்டுபிடிக்கவில்லை. பல மலைகளைப் பாடியவளுக்கு அவற்றுள் ஒன்று ஒருத்தியின் நெஞ்சில் தைத்தது தெரியாது. குறி பலித்தது, ஆனால் பலிக்கச் செய்தவள் கேட்டுக்கொண்டிருந்த தோழி. துறைக்குறிப்பு இதனை அறத்தொடு நிற்றல் என வகைப்படுத்துகிறது. குறி பார்க்கும் களத்தை உண்மை பேசும் களமாக மாற்றியது தோழியின் அறிவு என்பதையும் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்ட வேண்டும்.

கட்டுப் பார்க்கும் முறைபற்றி உரைவழி வரும் விளக்கம் ஒன்றும் நோக்கத்தக்கது. நெல்லை நான்கு நான்காக எண்ணி, ஒன்று, இரண்டு, மூன்று எஞ்சினால் முருகணங்கு. நான்கு எஞ்சினால் வேறு நோய். கணக்கிட்டுப் பார்த்தால் முருகனுக்கு நான்கில் மூன்று வாய்ப்பு உண்டு. விடை ஏறத்தாழ முன்பே முடிவானது. எனவேதான் புலவர்கள் விடையில் அக்கறை கொள்ளவில்லை போலும். பிரமசாரியின் நற்றிணை 34-இல் தோழி முருகனையே நோக்கி, இந்நோய் உன்னால் வந்ததன்று என அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்தாயே, கடவுளாயினும் நீ அறியாமை உடையவன் எனக் கடிகிறாள். குறி தவறு என்பது எல்லார்க்கும் தெரியும். தவறான குறியைச் சுற்றி எழும் பேச்சே பாட்டின் பொருளாகிறது.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு இன்னும் ஒருபடி செல்கிறது. முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்க நிற்கின்றனர். குளிரில் நடுங்கும் ஆய்மகள் ஒருத்தி, தாயைக் காணாது வருந்தும் கன்றிடம், உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்கிறாள். கன்றுக்குச் சொன்னதைப் போர்மேற் சென்ற தலைவனின் வரவாகப் பொருள்கொள்ளும் இச்செயலுக்கும், படகுச் சீட்டைச் சிங்கப்பூராகக் கொள்ளும் செயலுக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. ஆனால் நற்சொல் கிடைத்தது என்று முதுபெண்டிர் மீண்டும் மீண்டும் கூறியும் தலைவி தேறவில்லை. அவள் கண்கள் நீர் சொரிகின்றன. கேட்பவர் ஏற்காதவிடத்துக் குறிக்கு வலிமை இல்லை.

இதனோடு ஒப்பிடத் திருக்குற்றாலக் குறவஞ்சியின் சிங்கி வேறு வகையினள். அவளும் மலைவளம் பாடித்தான் தொடங்குகிறாள்; ஆனால் வசந்தவல்லியின் கையைப் பார்த்து அவள் கூறுவது பிழைப்பதில்லை. பாட்டுடைத் தலைவன் குற்றாலநாதர் என்பதால் குறி பொய்க்க இடமில்லை. சொல்லின்பத்தில் திரிகூடராசப்பக் கவிராயருக்கு நிகர் சிலரே என்பதில் ஐயமில்லை. எனினும் குறி எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு ஒளவையாரின் ஐந்தடியே மிகுதியும் துணைசெய்யும். குறவஞ்சியைக் கொண்டு சங்கப் பாடல்களைப் படிக்கும் நம் வழக்கம் கட்டுவிச்சிக்கு இல்லாத அதிகாரத்தை அவளுக்கு ஏற்றிவிடுகிறது. 2010-இல் சிங்கப்பூர்த் தேக்காவில் உலகக் கிண்ணக் காற்பந்து முடிவுகளைச் சரியாகக் கூறிவந்த ‘மணி’ என்னும் கிளி, இறுதியாட்டத்தில் நெதர்லாந்தைத் தேர்ந்தெடுத்துத் தவறியது. உலகச் செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக வெளியிட்டன. வெற்றியா தோல்வியா என்று மட்டும் கேட்கப்படும் அவ்விடத்தில் கிளி வெறும் காசு சுண்டும் கருவி. நிறைப்பதற்கு எவருடைய வாழ்வும் அங்கில்லை.

இவ்வாறு கூறுவதால் குறியைப் போற்றுவதாகக் கொள்ளலாகாது. வெறியாட்டில் ஆட்டுக்குட்டியின் உயிர் போகிறது. குறுந்தொகை 362-இல் தோழி வேலனிடம், நீ இடும் இப்பலியை மலைநாடனின் மார்பும் உண்ணுமோ என வினவுவது நகைச்சுவை மட்டுமன்று. வீண் செலவைத் தடுக்கும் வினாவுமாகும். அன்று லயத்திலும் அது நிகழ்ந்தது. பெரியம்மாவின் கண்ணீரைக் கண்ட கிளிக்காரர் தாயத்து ஒன்றுக்கு இருபது வெள்ளி கேட்டார். தோட்டத்துக் கூலிக்கு அது சிறு தொகையன்று. பெரியம்மா முடிச்சை அவிழ்த்தபோது பக்கத்து வீட்டு அக்காள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அந்தக் காசுக்கு ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறலாம், நானும் வரேன்’ என்றார். மறு ஞாயிற்றுக்கிழமை இருவரும் புறப்பட்டனர்.