பரபக்கமும் சுபக்கமும்: தோட்டத்துப் பாட்டில் அரசியல் வாதம்

வாதம் புரிதல் தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலை வஞ்சி மாநகரிலே சமயக் கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் திறத்தை அவரவர் வாயாலேயே கேட்டறிந்தாள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றுங்கால் நூலைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்து, உலகாயதம் முதலாய பிறர் கொள்கைகளை முன்னர் எடுத்துரைத்து மறுத்து, அதன் பின்னரே தம் கொள்கையை நிறுவினார். மாற்றான் கொள்கையை அவனே ஒப்புக்கொள்ளுமாறு எடுத்துக் கூறாதவன் அதனை மறுத்தவனாகான் என்பது இம்முறையின் உட்கிடை. சமய நூல்களை அளப்பதற்கு ஏற்ற இவ்வளவுகோல் அரசியல் வாதத்தை அளப்பதற்கும் ஏற்றதே. பதுளையையும் ஊவா மாகாணத்துத் தோட்டங்களையும் சிறப்பாக மனத்திற்கொண்டு, தோட்டத் தொழிலாளர் நடுவே எழுந்த அரசியற் பாட்டை இவ்வளவுகோலால் அளந்து காண்பது பயன் தருவதாகும்.

கற்றோரிடத்து மாத்திரம் அன்றி மற்றோரிடத்தும் இம்முறை வழங்கியது. ஈசனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்த கதையைக் கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தில் யாவரும் கற்பர். அக்கதையைப் பொருளாகக் கொண்டு தமிழகத்திலே காமன் பண்டிகையின்போது லாவணி பாடுவர். காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் தொடுத்த வினாவுக்கு மற்றவர் பாட்டாலேயே விடை கூற, ஊரார் விடியுமளவும் கேட்டிருப்பர். எதிர்க்கட்சி வாராவிடின் லாவணி இல்லை. விடையிறுக்க ஆளில்லாத வினாவைக் கேட்க எவரும் உறக்கம் விழித்திரார். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை முதலிய பகுதிகளினின்றும் மலைநாடு புகுந்த மக்கள் காமன் கூத்தையும் உடன் கொணர்ந்தனர். மாசித் திங்களிலே தோட்டந்தோறும் கம்பம் ஊன்றித் தப்பொலி முழங்க அக்கூத்தை அவர்கள் நிகழ்த்தினர். எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த காலத்திலும் அம்மக்கள் வாதத்தின் இலக்கணத்தை அறியாதவரல்லர் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் நாட்டு நடப்பையும் அரசாங்கத்தின் கொள்கையையும் பற்றி அவர்கள் கூடி ஆராய்வதற்கு இடம் இருந்ததா? காலையிலே பேர் பதியும் பிரட்டுக்களம் துரையின் ஆணைக்கு உட்பட்டது. லயத்து வாசல் கங்காணியின் கண்ணுக்கு உட்பட்டது. வெளியார் ஒருவர் துரையின் அனுமதி இன்றித் தோட்டத்தினுள் நுழைதல் அத்துமீறல் என்னும் குற்றமாயிற்று. தொழிலாளருக்காகப் பேசியவர் பற்றுச்சீட்டுப் பெற்று வெளியேற நேர்ந்தது. 1924-இல் ‘தேசபக்தன்’ இதழைத் தொடங்கியவரும், 1925-இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானவருமான கோ. நடேசய்யர், புடவை வியாபாரி போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அரசியல் பேசுவதற்கு மாறுவேடம் வேண்டியிருந்த சமுதாயத்திலே வாதம் எத்தகைய உருவை மேற்கொள்ளும் என்பதை எளிதில் உய்த்துணரலாம். அது பாட்டு என்னும் உருவை மேற்கொண்டது. பத்திரிகையைப் பறித்துவிடலாம்; கூட்டத்தைக் கலைத்துவிடலாம்; நாவில் ஏறிய பாட்டை மீட்டுக்கொள்ள எந்தத் துரையாலும் இயலாது.

நடேசய்யர் 1937-இல் வெளியிட்ட ‘இந்தியத் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ இவ்வழியில் ஒரு முயற்சி. அதனினும் கருதத்தக்கது அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாள் 1940-இல் வெளியிட்ட ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறு பிரசுரம். அதன் காலச் சூழல் நினைவிற் கொள்ளற்பாலது. 1937-இல் திருத்தப்பட்ட கிராமச் சங்கச் சட்டம் தோட்டத் தொழிலாளரைக் கிராமச் சங்க வாக்குரிமைக்குப் புறம்பாக்கிற்று. 1939-இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை விலக்கும் முடிவு எடுக்கப்பட்டது. அதற்கு விடையாக இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. அவ்வாண்டு ஜூலையிலே ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. இத்தகைய செய்திகள் வாரந்தோறும் மாறிக்கொண்டிருந்த வேளையிலே, கூட்டங்களில் நடேசய்யரின் சொற்பொழிவுக்கு முன்னர் மீனாட்சி அம்மாள் பாடுவார். பாட்டுக் கேட்கத் திரண்ட கூட்டம் பேச்சையும் கேட்டது.

இப்பாடல்களைச் சங்கப் பாடல்களோடும் பாரதியின் கவிதைகளோடும் ஒப்பிட்டு, இவற்றிற் கற்பனை வளம் குன்றியது என்று கூறுவார் உளர். அக்கூற்று உண்மையாயினும் பொருத்தமற்றது. உழவுக்குரிய கலப்பையிற் சிற்ப வேலைப்பாடு இல்லையே என வருந்துதல் போன்றது அது. இவற்றின் பயன் வேறு. கேட்போர் முன்னரே அறிந்த மெட்டுக்களில் இவை அமைந்தன. ஆதலின் ஒருமுறை கேட்டவர் மறுமுறை பாட வல்லராயினர். அரசாங்க சபையிலே ஆங்கிலத்தில் நிகழ்ந்த விவாதத்தின் பொருள், கொழுந்து பறிக்கும் பெண்ணின் வாய்க்கு எட்டிற்று. இலங்கை மந்திரிமாரை நேரே விளித்து முறையிடும் துணிவை இவை கேட்போருக்கு ஊட்டின. தோட்டத்தில் ஆடவரினும் குறைந்த கூலி பெற்று உழைத்த பெண்ணினத்தின் முன்னே, பெண் ஒருவர் மேடையேறிச் சட்டத்தைப் பற்றிப் பாடியமையே ஒரு வாதமாகும். செய்தியை அறிவித்தல், உரிமை உணர்வை எழுப்புதல் ஆகிய இரண்டிலும் இப்பிரசுரம் வெற்றி கண்டது எனத் துணிந்து கூறலாம்.

இனிக் குறையை நோக்குதல் வேண்டும். இப்பாடல்களிற் சுபக்கம் உண்டு, பரபக்கம் இல்லை. இந்தியத் தொழிலாளி காட்டை அழித்து நாட்டை வளமாக்கினான் என்னும் வாதம் உறுதியாக ஒலிக்கின்றது. அவனுக்கு எதிராக நின்றவன் கூறக்கூடிய வலிமை மிக்க வாதம் அவனது குரலிலேயே ஒலிக்கவில்லை. ஊவாவில் அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1818-இல் ஊவா-வெல்லஸ்ஸைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது அம்மாகாணத்துச் சிங்களக் கிராமங்கள் பாழாயின. 1840-இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத சேனை நிலங்களையும் காடுகளையும் அரசுடைமை ஆக்கிற்று. அவை பின்னர்க் கோப்பித் தோட்டங்களாகவும் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. மலைச்சரிவிலே தேயிலை சூழ்ந்து நிற்க, பள்ளத்து வயலோடு ஒடுங்கிய கிராமத்தான் மேலே நோக்குந்தோறும் அவன் கண்ணிற் பட்டவன் இலண்டனில் இருந்த பங்குதாரன் அல்லன்; கூடை சுமந்த தமிழனே. கண்டி விவசாயிகளின் நிலையை ஆராய 1949-இல் ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டதும், 1951-இல் அதன் அறிக்கை வெளிவந்ததும் அக்குறை கற்பனை அன்று என்பதற்குச் சான்றாகும்.

லாவணிக் களத்தில் இருவரும் எதிரெதிரே அமர்ந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? என் நிலம் எங்கே என்று கிராமத்தான் வினவியிருப்பான். நிலம் உன்னிடமிருந்து போயிற்று, எனினும் என்னிடம் வரவில்லை; நான் உறங்கும் பத்தடிக் காம்பிராவும் தோட்டத்துக்கே உரியது என்று தொழிலாளி விடை கூறியிருப்பான். இவ்விரு பாட்டும் ஒரே இரவில் ஒரே முற்றத்தில் ஒலித்திருப்பின், எரிந்தவன் யார், எரித்தவன் யார் என்பது கேட்போருக்குத் தெளிவாகியிருக்கும். அவ்விடை மீனாட்சி அம்மாளின் கட்சிக்கு வலிமையே சேர்த்திருக்கும். பரபக்கத்தை எடுத்துரைப்பது மாற்றானுக்குச் செய்யும் உபகாரம் மாத்திரம் அன்று; தன் கொள்கைக்குத் தேடும் அரணும் ஆகும்.

எனினும் இக்குறையைப் பாடியவர் தலையிற் சுமத்துதல் நீதியன்று. எதிர்க்கட்சியின் வாதம் அரசாங்க சபையிலும் பத்திரிகைகளிலும் தேர்தல் மேடைகளிலும் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தது. லாவணியின் ஒரு பாதி அங்கே பாடப்பட்டது. மறு பாதியை இவர் தோட்டத்திலே பாடினார். இரு பாதியும் ஒன்றையொன்று கேட்கும் களம் மாத்திரம் அமையவில்லை. மொழி ஒரு வேலி. தோட்டத்து எல்லை ஒரு வேலி. கிராமச் சங்கச் சட்டம் மற்றொரு வேலி. களம் மறுக்கப்பட்ட இடத்தில் வாதம் முறையீடாகச் சுருங்குதல் இயல்பு. ஆகவே இப்பாடல்களின் குறையை இலக்கியக் குறையாகக் கொள்வதினும், அக்காலத்து ஆட்சி அமைப்பின் குறை இலக்கியத்திற் படிந்த தழும்பாகக் கொள்வதே தகும்.

களம் அமையின் வாதம் வளரும் என்பதற்கு ஊவாவே சான்று தருகின்றது. அப்பிரசுரம் வெளிவந்த அதே 1940-ஆம் ஆண்டில் மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கம் வழிநடத்திய கிளர்ச்சி ஊவாவிலே பரவிற்று. மே மாதத்திலே பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்திற் தொழிலாளர் தாமே தெரிவு செய்த சபை ஒன்று அமைந்தது. அச்சபையைக் கலந்தே கருமமாற்றுவதாகத் துரையும் இணங்கினார். அடக்க வந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர். பின்னர்ப் பொலிசாரின் கடும் அடக்குமுறையும், ஊவாவைப் பிற பகுதிகளினின்றும் துண்டித்த வெள்ளமும் அக்கிளர்ச்சியை முறியடித்தன. அச்சபையின் வாழ்வு குறுகியதே. ஆயினும் துரை ஒருபுறமும் தொழிலாளர் மறுபுறமுமாக அமர்ந்து, ஒருவர் கூற்றை மற்றவர் கேட்டே ஆகவேண்டிய நிலை அங்குத் தோன்றிற்று. பிரட்டுக்களத்தில் ஆணையை மாத்திரம் கேட்டுப் பழகியோர்க்கு அது சிறிய மாற்றமன்று.

1947-இன் பொதுத்தேர்தல் அக்களத்தை விரித்தது. இரு உறுப்பினர் தொகுதியாகிய பதுளை, இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவையும் சமசமாஜக் கட்சியின் ஜே. சி. டி. கொத்தலாவலையையும் ஒருங்கே பாராளுமன்றுக்கு அனுப்பிற்று. தோட்டமும் கிராமமும் ஒரே தொகுதியின் பெயரால் பேசத்தக்க வாய்ப்பு அது. அவ்வாய்ப்பு நெடிது நிலைக்கவில்லை. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949-இன் சட்டங்களும் தோட்ட மக்களின் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. 1947-இல் ஏழு ஆசனங்களை வென்ற காங்கிரஸ் 1952-இல் ஒன்றையேனும் பெறவில்லை. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை எண்ணிக்கையால் இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. அப்பங்கீட்டில் அவர்தம் கருத்தை எவரும் கேட்டிலர். தம்மைப் பற்றிய வாதத்தில் தாமே பங்குபற்ற இயலாமை இதனினும் மிகுதல் அரிது.

வாக்கு அடைபட்ட அக்காலத்தில் மலைநாட்டு எழுத்தாளர் உரைநடையை நாடினமை கருதத்தக்கது. ஊவாவிற் பிறந்து, தோட்டத்தில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பணியாற்றிய தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ 1979-இல் வெளிவந்தது. அவர் கதைகளிலே தொழிலாளி மாத்திரம் அன்றிக் கணக்கப்பிள்ளையும் கண்டக்டரும் தத்தம் அச்சங்களோடும் ஆசைகளோடும் மனிதராய் நடமாடுவர். பாட்டு ஒரு குரலில் நிகழ்வது. கதையோ பல குரல்களை வேண்டி நிற்பது. பரபக்கத்துக்கு இடம் அளித்தல் மலையக இலக்கியத்திற் கதை வழியாகவே வேரூன்றிற்று எனலாம்.

இன்று வேலிகள் பல நீங்கின. 2003-இன் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கிற்று. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணிபுரியத் தடையாயிருந்த சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது. 2024-இன் தேர்தலிலே பதுளை மாவட்டத்தினின்றும் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் புகுந்தனர். மீனாட்சி அம்மாள் மேடையிற் பாடிய காலத்தில் நினைத்தற்கும் அரிதாயிருந்த ஒன்றினை, மலையகப் பெண் ஒருவர் சபையில் அமர்ந்து வாதிடுதலை, ஊவா கண்டது. நாட்கூலி 2021-இல் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோதும், 2024-இல் 1350 ரூபாயாக உயர்ந்தபோதும் எழுந்த விவாதங்களும், 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பின் காணியும் தனி வீடும் பற்றி எழுந்த விவாதங்களும் வெளிப்படையாகவே நிகழ்ந்தன.

களம் திறந்த பின் பழைய குறைக்குப் பழைய காரணம் கூறுதல் ஒவ்வாது. கூலி உயர்வைக் கோருவோர் தேயிலைச் சந்தையின் நிலையையும் உற்பத்திச் செலவையும் பற்றிக் கம்பனியார் கூறும் கணக்கை முழுமையாக எடுத்துரைத்து, அதன்பின் மறுத்தல் வேண்டும். காணியைக் கோருவோர் அயற்கிராமத்தானின் நிலப்பசியை அறிந்து, அதற்கும் விடை கூறுதல் வேண்டும். அவ்வாறே, தோட்டத்தானை எதிர்த்துப் பேசுவோரும் அவன் வாதத்தை அவன் வாயாற் கேட்டறிதல் வேண்டும். மேடைப் பேச்சும் துண்டுப் பிரசுரமும் இன்றும் பெரும்பாலும் சுபக்கத்தோடு அமைந்துவிடுகின்றன. 1940-இல் அது சூழ்நிலை விளைத்த குறை. இன்று அது பேசுவோரே தேடிக்கொள்ளும் குறை. மீனாட்சி அம்மாள் பாடி வைத்தது லாவணியின் ஒரு பாதி. மறு பாதியைக் கேட்கும் செவியும், கேட்டபின் விடை கூறும் நாவும் உண்டாகுமாயின், அவர் பாட்டும் அன்றே நிறைவுறும்.